தேடும் கதை நடுவில் ஏன் தொய்கிறது?

கேள்வி: சஸ்பென்ஸ் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 9 வயது மகள் காணாமல் போகிறாள், அம்மா தேடுகிறாள். புகார் கொடுக்கப் போனால் "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று போலீசார் அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை விறுவிறுவென்று போகிற கதை, அவள் தனியாக விசாரிக்கத் தொடங்கியதும் இழுக்கிறது. கடத்தியவர் குடும்ப நண்பர். கடைசி அத்தியாயம் வரை அதை மறைத்திருக்கிறேன். எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் அந்த 24 மணி நேரக் காட்சியை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைக்காகக் காத்திருப்பு நேரம் வைக்கக்கூடாது என்று 1990லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் காணாமல் போன குழந்தை பற்றிய புகார்களுக்கு எஃப்ஐஆர் போட வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விதியை மீறித் தட்டிக்கழிக்கும் அதிகாரி ஒருவரை நீங்கள் படைக்கலாம், தப்பில்லை. ஆனால் விதியே அப்படித்தான் என்று எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை நிறுத்திவிடுவார்.

உண்மையில் போலீஸ் உடனே வந்துவிடுவதுதான் கதைக்கு நல்லது. வந்ததும் வீட்டைத்தான் முதலில் சோதிப்பார்கள். "நாங்களே தேடிட்டோம் சார்" என்று பெற்றோர் சொன்னாலும் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், கார் டிக்கியில் மறுபடி பார்ப்பார்கள். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள். பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் துடிக்கிறவளிடம் "கடைசியாக எப்போது அவளைத் திட்டினீர்கள்?" என்று கேட்கும்போது, அவள் சின்னதாக ஒரு பொய் சொல்கிறாள் என்று வையுங்கள். அந்தப் பொய்யால் விசாரணை அரை நாள் திசைமாறட்டும்.

நடுப்பகுதிக்கான மருந்து இதுதான். உங்கள் கதையில் அம்மா கேட்கிறாள், பதில் கிடைக்கிறது, நகர்கிறாள். அவளுக்கு எதுவும் பறிபோவதில்லை. பதறிப்போய் அவள் செய்யும் ஒவ்வொரு காரியமும் தேடலையே கொஞ்சம் கெடுக்க வேண்டும். அவள் மேல் வாசகருக்குக் கோபம் வரக்கூடாது, அவள் இடத்தில் தானும் அதையேதான் செய்திருப்போம் என்று தோன்ற வேண்டும். இதை எழுதுவது சிரமம்தான். ஆனால் இந்த வகைக் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். குழந்தையின் படத்தையும் அங்க அடையாளங்களையும் வெளியிடும்போது புலனாய்வாளர்கள் சில சமயம் ஒரு விவரத்தை மட்டும் வெளியே விடாமல் வைத்துக்கொள்வார்கள். பொய்த் தகவல் தருகிறவர்களையும் பணம் பறிக்கப் பார்க்கிறவர்களையும் வடிகட்ட அது உதவும். உங்கள் கதையில் நீலச் சட்டை, கறுப்பு ஷூ என்பது எல்லோருக்கும் தெரியும். இடது ஷூவின் லேஸ் அறுந்துபோனதால் அந்தப் பெண் அதற்குப் பதிலாக வெள்ளை ரிப்பன் கோத்துக் கட்டியிருந்தாள் என்பது வெளியே வரவில்லை. முதல் அழைப்பு வருகிறது. "குழந்தை எங்ககிட்டதான் இருக்கு." ஷூவைப் பற்றி அம்மா கேட்கிறாள். ஒரு நொடி மௌனம். "கறுப்பு ஷூதானே?" அவள் வைத்துவிடுகிறாள். இரண்டாவது அழைப்பும் அப்படியே. மூன்றாவது ஆள், அவள் கேட்பதற்கு முன்பே சொல்கிறான்: "ஒரு ஷூவுல ரிப்பன் கட்டியிருக்கு."

இங்கே அத்தியாயத்தை முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். முந்தைய இரவு அழுகை தாங்காமல் அந்த ரிப்பனைப் பற்றித் தேடுதலுக்கு வந்த நாலைந்து பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது இந்த அழைப்பு நிஜமா, அவர்களில் ஒருவர் வழியாகக் கசிந்ததா என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னதைப் போலீசிடம் ஒப்புக்கொண்டால், இருக்கிற ஒரே துப்பின் மதிப்பும் போய்விடும். மறைத்தால் அவர்கள் தவறான இடத்துக்குப் போகக்கூடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த 30 பக்கங்களுக்கு உங்களிடம் கதை இருக்கிறது.

இனி அந்த நண்பர். அவரைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் ஒரு பக்க அதிர்ச்சிதான் மிஞ்சும். ரிப்பன் விஷயத்தைக் கேட்ட நாலைந்து பேரில் அவரும் இருக்கட்டும். நாவலின் பாதியிலேயே, அவர்தான் என்று வாசகருக்கு மட்டும் தெரியட்டும். அப்புறம் அவர் நோட்டீஸ் ஒட்டும்போதும், "கொஞ்சம் சாப்பிடும்மா" என்று அவளை வற்புறுத்தும்போதும் படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். நான் எழுதினால் கண்டிப்பாக இப்படித்தான் எழுதுவேன்.

அவளே செல்போன் சிக்னலை வைத்துக் கடத்தியவர் நிற்கும் வீட்டைக் கண்டுபிடிப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அழைப்பு விவரப் பதிவில் யார், யாருடன், எப்போது, எந்த டவர் வழியாகப் பேசினார்கள் என்பது இருக்கும், பேச்சு இருக்காது. அதை வாங்கப் போலீசால்தான் முடியும். டவர் காட்டுவதும் ஒரு பரப்பைத்தான். நெரிசலான நகரத்தில் சில நூறு மீட்டர், ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர்கூட ஆகலாம். சிசிடிவி பதிவு இதைவிட உங்களுக்குப் பயன்படும். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் புதிய பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். கேமரா வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறார், இன்னும் இரண்டு நாளில் அந்த மாலைப்பொழுது அழிந்துவிடும் என்றால், அவசரம் தானாக வந்துவிடுகிறது.

நாவல் முழுவதையும் இப்போதே திருத்த உட்காராதீர்கள். அந்த மூன்றாவது அழைப்பை மட்டும் முதலில் எழுதிப் பாருங்கள். அது சரியாக வந்துவிட்டால் முதல் அத்தியாயத்துக்குப் போய், குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ரிப்பனைக் கட்டுவதை ஒரே ஒரு வரியில், போகிறபோக்கில் சேர்த்துவிடுங்கள்.