உறையில் இன்னொரு துளை

அன்புள்ள ஐயா,

கீழக்கரையில் எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணில் கிடந்த தகரப் பெட்டியில், பழந்துணியில் சுற்றி ஒரு கத்தி இருந்தது. படங்கள் இணைத்திருக்கிறேன். அலகு ஆறரை அங்குலம், ஒரு பக்கம்தான் கூர், முதுகு நல்ல கனம். பிடிக்குப் பக்கத்தில் பித்தளையில் கொடி வேலைப்பாடு. பிடி கறுப்பு, நுனி கிளிமூக்குப் போலச் சுருண்டிருக்கிறது. மர உறையில் வெள்ளிப் பட்டை. உறையின் ஓரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு இன்னொரு துளையும் இருக்கிறது, காலியாக.

‘சேதுபதி மகாராஜா நம்ம பாட்டனாருக்குக் கொடுத்தது’ என்று வாப்பா சொல்வார்கள். பாட்டனார் கொழும்புக்கும் பினாங்குக்கும் போய்வந்த சபுராளி என்பதால் இது மலாய்க் கிரிஸ் என்கிறார்கள் வாட்ஸப் நண்பர்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை பேசுகிறார். மச்சானோ, சாணை பிடித்துப் பளபளப்பாக்கித் துபாய்க்கு எடுத்துப் போகிறேன் என்கிறார். இது என்ன கத்தி? என்ன பெறும்? வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மச்சானைச் சாணைக்கல் பக்கம் விடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்களிடம் இருப்பது கண்டிக் கத்தி. சிங்களத்தில் ‘பிஹா கெத்த’ என்பார்கள். கெத்த என்றதும் நம் கத்தி காதில் விழுகிறதல்லவா? கண்டி அரசில் பிரதானிகள் இடுப்பில் செருகிக்கொண்டது இது. அரண்மனைக்கென்றே ‘பட்டல் ஹத்தர’ என்று நான்கு பட்டறைகள் இருந்தன. உயர்ந்த வேலைப்பாடுள்ள கத்திகள் அங்கே உருவானவை. 1815ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் வேலை வாங்க அரசன் இல்லாமல் போனான். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908ல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெரிய நூலில் இந்தக் கைவினைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

எதை வைத்துச் சொல்கிறேன்? உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பித்தளைக் கொடி அலகின் மேல் ஒட்டவைத்ததாக இல்லை, இரும்புக்குள் இறங்கியிருக்கிறது. இலைகளின் மேடு தேய்ந்திருக்கிறது, பள்ளத்தில் அழுக்கு கறுத்திருக்கிறது. முதுகு பிடியருகே தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிகிறது. இந்தக் கத்தியால் உண்மையாகவே எதையாவது வெட்டலாம். சுற்றுலாப் பயணிக்கென்று பிற்காலத்தில் செய்தவற்றில் அலகு தகடாக இருக்கும், பித்தளையில் வார்த்த சிங்கமுகம் மட்டும் மொழுமொழுவென்று மின்னும். கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுத்துவிடும்.

கிரிஸ் என்பது வேறு சாதி. இருபுறமும் கூர். அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்று கோணலாக நிற்கும். அலகு நேராகவும் இருக்கலாம், பாம்புபோல வளைந்தும் இருக்கலாம். வளைவுகளை எண்ணினால் ஒற்றைப்படையில்தான் முடியும். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடிப்பதால் அலகில் மரத்தின் ரேகைபோல ஓடும் கோலத்துக்குப் ‘பாமோர்’ என்று பெயர். எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் தடவித்தான் அதைத் துலங்கவைப்பார்கள்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு தொண்டியில் ஒரு வீட்டில் பழைய சாமான்களோடு எனக்கு ஒரு கிரிஸ் கிடைத்தது. கறுத்துக் கிடந்தது. அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ஒரு மத்தியானத்தில் பாமோர் போய், சோற்றுக் கரண்டி நிறத்துக்கு வந்துவிட்டது. அதோடு விட்டேனா? பிடிக்குக் கீழே அலகின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. உடைந்திருக்கிறது என்று முடிவுகட்டி, லேத் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்துவிட்டேன். கிரிஸ்ஸின் அடிப்பகுதி பெரும்பாலும் தனித்துண்டாகச் செய்து பொருத்தப்படுவது. ஜாவாக்காரர்கள் அதைக் கஞ்சா என்பார்கள் (சிரிக்காதீர்கள், அதன் பெயரே அதுதான்). அந்தக் கோடு அங்கே இருந்தே ஆகவேண்டிய கோடு. அந்தக் கிரிஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை.

சேதுபதி கதைக்கு வருகிறேன். வாப்பா சொன்னதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சீதக்காதி காலத்திலிருந்தே உங்கள் ஊருக்கும் அரண்மனைக்கும் நெருக்கம் உண்டு. ஆனால் இந்தக் கரையில் எந்த வீட்டில் கத்தி எடுத்தாலும் அதைக் கொடுக்க ஒரு சேதுபதி வந்துவிடுகிறார். ஒரு வீட்டில் மகாராஜா கொடுத்ததாக நீட்டிய கத்தியில் ‘ஷெஃபீல்டு’ என்று ஆங்கில முத்திரை பளிச்சென்று இருந்தது. மறவர் சீமையின் ஆயுதங்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க, ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் வரை போய்வாருங்கள். வளரியும் ஈட்டியும் வாளும் அங்கே இருக்கின்றன. பாட்டனார் கொழும்புக்குப் போய்வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே போதுமான விளக்கமாகப் படுகிறது.

கறுப்புப் பிடி எதனால் ஆனது என்று பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம், வடு நிற்கும். இருட்டறையில் ஓரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். தேன்நிறத்தில் ஒளி கசிந்து நார் நாராகத் தெரிந்தால் எருமைக்கொம்பு. கண்டிக்காரர்கள் கறுப்புப் பவளத்திலும் பிடி செதுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் விற்கும் பேச்சையே விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை, கறுப்புப் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைத் தந்தத்துக்கும் அதே கதிதான்.

போலீஸ் பயம் வேண்டாம். ஆயுத விதிகள் கவனிப்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. உங்களுடையது ஆறரை. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். துபாய்தான் சிக்கல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட பொருளைத் தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்தில் பிடித்தால் கத்தியும் போகும், மச்சானுக்கு வழக்கும் வரும். உள்ளூரில் வாங்குகிற வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் ஒன்று சொல்ல, அது வியாபாரி வாயில் வேறொன்றாகும்.

உங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அந்த உப்புக்காற்றுக்குக் கத்தியை உறைக்குள்ளேயே வைத்தால் மரம் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும். தனித்தனியாக வையுங்கள். சிவப்பாகப் பொடிப்பொடியாக உதிரும் துருதான் ஆபத்து. மெல்லிய துணியில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து ஒற்றி எடுங்கள். அடியில் பழுப்பாக, வழவழவென்று படிந்திருப்பது அதன் வயது, அதைத் தொடாதீர்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

கடைசியாக அந்தக் காலித் துளை. அது எழுத்தாணி வைக்கிற இடம். ஒரே உறையில் கத்தியும் எழுத்தாணியும் போகும். ஓலையில் எழுதுகிற உத்தியோகஸ்தனுக்கு இரண்டும் வேண்டுமே. தகரப் பெட்டியை இன்னொரு தரம் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் வீட்டுப் பெரியம்மாக்களிடம் கேளுங்கள். கொட்டான் (ஓலைப்பெட்டி) முடைகிற வீடாக இருந்தால், ‘குத்தூசி’ என்ற பெயரில் அது இத்தனை நாளும் பனையோலையோடு கிடந்திருக்கக்கூடும். தலைப்பக்கம் வெள்ளியோ பித்தளையோ சுற்றியிருந்தால் உடனே படம் எடுத்து அனுப்புங்கள்.