வீட்ல மேப் போடறவங்களுக்கு: பெட்ரோல், இக்னிஷன் கேள்வி பதில்

நம்ம மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட் டவுன்லயும் சரி, உள்ள தோட்டத்து ரோட்லயும் சரி, இப்ப எங்க பாத்தாலும் ஒய் 15, ஆர்எஸ் 150 பைக் தான், அதுல நெறைய வண்டில கம்பெனி குடுத்த ஸ்டாக் ஈசியூவ (இன்ஜின பாத்துக்கற கம்ப்யூட்டர்) கழட்டிட்டு ப்ரோகிராம் பண்ற ஈசியூ ஏறிடுச்சு. கையில போன் இருந்தா போதும், யாரு வேணும்னாலும் மேப்ப, அதாவது எந்த ஆர்பிஎம்ல, எவ்ளோ திராட்டில்ல எவ்ளோ பெட்ரோல் ஊத்தணும், எப்ப பத்த வைக்கணும்னு கட்டம் கட்டமா இருக்கிற நம்பர மாத்திடலாம், அதான் எனக்கு கவலை. கேள்வி கேட்டவங்க எல்லாருக்கும் இங்கயே சேத்து பதில் போட்டுடறேன். பெட்ரோல் மேப்ப வைட்பேண்ட் மீட்டர் (எக்சாஸ்ட்ல மாட்டி காத்து-பெட்ரோல் கலவைய பாக்கறது) இருந்தா வீட்லயே நல்லா பண்ணலாம். இக்னிஷன், அதாவது பிளக் எப்ப பத்த வைக்குதுங்கறது, அப்படி இல்ல, அத தொடறதுக்கு முன்னாடி கீழ இருக்கறத முழுசா படிங்க.

லிந்தாங் பக்கம் ஒரு தம்பி: அண்ணே, ஒய் 15க்கு 62 மில்லிமீட்டர் பிளாக் (பெரிய சிலிண்டர்) போட்டாச்சு, ஈசியூவும் வாங்கியாச்சு. மொதல்ல எதுல கை வைக்கறது?

மொதல்ல எதையும் மாத்தாத தம்பி. உள்ள இருக்கிற மேப்ப அப்படியே சேவ் பண்ணி தேதி போட்டு வை. பேட்டரி வீக்கா இருந்தா சார்ஜ் ஏத்திட்டு வா, மேப் ஏறிட்டு இருக்கும்போது கரண்டு விட்டுப்போனா ஈசியூவே செத்துடும். அடுத்து டிபிஎஸ், அதாவது திராட்டில் எவ்ளோ தொறந்திருக்குன்னு படிக்கிற சென்சார், திராட்டில் மூடியிருக்கும்போது 0, முழுசா முறுக்குனா 100 காட்டணும், இது தப்பா இருந்தா நீ ஒரு கட்டத்த மாத்துவ, வண்டி வேற கட்டத்த படிக்கும்.

இப்ப உன் பிளாக்குக்கு வரேன். ஸ்டாக் போர் (சிலிண்டர் அகலம்) 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 58.7, கிட்டத்தட்ட 150 சிசி. 62 போட்டா 177 சிசி ஆயிடுது, அதாவது காத்து 18 சதவீதம் கூட போகுது, பெட்ரோலும் அந்தளவுக்கு கூடணும். பெட்ரோல் பீச்சற ஸ்டாக் இன்ஜெக்டர் அத குடுக்குமான்னு கணக்கு பாரு. 10,000 ஆர்பிஎம்ல ஒரு சைக்கிளுக்கு, அதாவது ரெண்டு சுத்துக்கு, 12 மில்லிசெகண்ட் தான் இருக்கு. ஈசியூ பதிவு பண்ற லாக்ல இன்ஜெக்டர் 11 மில்லிசெகண்ட் தொறந்திருக்குன்னு காட்டுனா அது 92 சதவீதம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், 85 தாண்டுனாலே பெரிய இன்ஜெக்டர் பாக்கணும். மேப்ல எவ்ளோ நம்பர் ஏத்துனாலும் ஊத்தறதுக்கு நேரம் இல்லன்னா மேல போகப் போக வண்டி லீன் (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி) ஆகிட்டே போகும், அங்கதான் பிஸ்டன் போகும்.

கோல கங்சார் தம்பி: வைட்பேண்ட் மீட்டர் வெல ஜாஸ்தி அண்ணே. பிளக் கலர பாத்து டியூன் பண்ணா ஆவாதா?

ஆவாது. பிளக் கலர் நீ கடைசியா எப்படி ஓட்டிட்டு வந்தியோ எல்லாத்தையும் கலந்து காட்டும், எந்த ஆர்பிஎம்ல எவ்ளோ கம்மின்னு சொல்லாது. ரெண்டு மூணு பேரு காசு போட்டு ஒண்ணு வாங்கிக்குங்க, டியூன் முடிஞ்சதும் சென்சார கழட்டி போல்ட் போட்டு அடைச்சிடலாம். கழட்டாம கரண்டு மட்டும் எடுத்துட்டு ஓட்டாதீங்க, உள்ள ஹீட்டர் வேலை செய்யலன்னா கரி புடிச்சி சென்சார் கெட்டுடும்.

கணக்கு ஈசி. மூணாவது கியர், 40 சதவீதம் திராட்டில், 6,500 ஆர்பிஎம், மீட்டர் 15.2 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 15.2 பங்கு காத்து) காட்டுது, உனக்கு அங்க 13.2 வேணும்னு வை. 15.2ஐ 13.2ஆல வகுத்தா 1.15, அந்த கட்டத்துலயும் அத ஒட்டி இருக்கறதுலயும் 15 சதவீதம் பெட்ரோல் ஏத்து. திரும்ப அதே ரோட்ல, இன்ஜின் அதே சூட்ல இருக்கும்போது ஓட்டி பாரு. சும்மா மெதுவா போற எடத்துல 14லேர்ந்து 14.7, முழு திராட்டில்ல 12.5லேர்ந்து 13, இதுக்குள்ள வந்தா போதும். திராட்டில டக்குனு முறுக்குனா இழுக்காம திக்குறதெல்லாம் கடைசியா பாத்துக்கலாம், மேப் சரியாகறதுக்கு முன்னாடி அத தொட்டா ரெண்டும் குழம்பிடும்.

சாலாக் தம்பி: மீட்டர்ல 17 காட்டுது, ஆனா எக்சாஸ்ட்ல பெட்ரோல் நாத்தம் அடிக்குது. எத நம்பறது?

மூக்க நம்பு. மீட்டர் பெட்ரோல பாக்கறதில்ல, மிச்சம் இருக்கிற ஆக்சிஜன தான் பாக்குது. எக்சாஸ்ட் கேஸ்கெட்ல சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காத்து உள்ள போய் லீன்னு காட்டும். பிளக் ஒழுங்கா எரிக்கலன்னாலும் அப்படித்தான், எரியாத பெட்ரோலோட ஆக்சிஜனும் சேந்து வெளிய வந்துடும். இத லீன்னு நெனச்சி இன்னும் ஊத்துனா நெலமை மோசமாகும். லீக்க அடைச்சிட்டு புது பிளக் போட்டு பாரு.

அதே தம்பி: டபுள் ஸ்டாண்ட் போட்டு முறுக்கி டியூன் பண்ணலாமா?

ஐட்லிங் மட்டும் பாக்கலாம். மத்ததுக்கு லோடு வேணும். ரோட்ல பண்ணும்போது போன பாத்துகிட்டு ஓட்டாத பா, செம்பனை லோரி வர ரோடு, லாக்ல பதிவாகட்டும், ஓரமா நிறுத்திட்டு படி. முழு திராட்டில் வேலைக்கு ஈப்போ பக்கம் டைனோல (வண்டிய ஏத்தி லோடு குடுத்து பவர் அளக்கற மெஷின்) காசு குடுத்து பண்ணு.

பீடோர் தம்பி: இக்னிஷன 3 டிகிரி ஏத்துனா (சீக்கிரம் பத்த வச்சா) பவர் நல்லா வரும்னு சொல்றாங்களே, ரோன் 97 பெட்ரோல் ஊத்திக்கிட்டா பயம் இல்லையாமே?

இதுதான் எல்லாரும் கேக்குறது, இதுலதான் நெறைய இன்ஜின் போவுது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். பிளக் தீ வச்ச உடனே எல்லாம் எரிஞ்சிடாது, பரவறதுக்கு நேரம் வேணும், அதனாலதான் பிஸ்டன் மேல வரதுக்கு முன்னாடியே பத்த வைக்கிறோம், எவ்ளோ முன்னாடின்னு கிராங்க் சுத்தற டிகிரில சொல்றது. பிஸ்டன் உச்சி தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி எறங்கும்போது அழுத்தம் அதிகமா இருந்தா அது நல்லா தள்ளும். அதுக்கும் முன்னாடியே அழுத்தம் வந்துட்டா மேல ஏறிட்டு இருக்கிற பிஸ்டன தீ எதிர்த்து அடிக்குது, பவர் கூடாது, சூடுதான் கூடும். சீக்கிரம் வச்சா பவர் ஏறிகிட்டே போகும்னு நெனைக்கிறது தப்பு, ஒரு எடத்துல நின்னுடும், அந்த எடம் எதுன்னு டைனோ இல்லாம உனக்கு தெரியவே தெரியாது. பெட்ரோல் தப்பா போனா மீட்டர் சொல்லும், இக்னிஷன் தப்பா போனா சொல்றதுக்கு நம்ம கப்சாய் பைக்ல நாக் (பெட்ரோல் கலவை தானா வெடிச்சி தட்டறது) சென்சார் கெடையாது. நாக் சத்தம் தகர டின்ல கல்லு போட்டு குலுக்குன மாதிரி இருக்கும்னு சொல்வாங்க, ஹெல்மெட் மாட்டிகிட்டு ஓப்பன் எக்சாஸ்ட்ல போற உனக்கு அது எங்க கேக்கும்?

அதனால பிளக்க கழட்டி வெயில்ல புடிச்சி பூதக்கண்ணாடில பாரு. வெள்ளை பீங்கான் மேல மொளகுத்தூள் தூவுன மாதிரி கருப்பு புள்ளி இருந்தா நாக் ஆரம்பிச்சாச்சி. பளபளன்னு பொடிப்பொடியா உருண்டை ஒட்டியிருந்தா அது பிஸ்டன் அலுமினியம், அன்னைக்கே வண்டிய நிறுத்திடு.

ரோன் 97 பவர் குடுக்கற பெட்ரோல் இல்ல, நாக் வராம தாங்குற பெட்ரோல், அவ்ளோதான். பெரிய பிளாக், கம்ப்ரெஷன் ஏத்துன ஹெட் போட்டவங்க அத ஊத்துங்க, கூடவே லோடு அதிகமா இருக்கிற எடத்துல இக்னிஷன 2 டிகிரி கொறச்சே ஆரம்பிங்க. திராட்டில் கம்மியா இருக்கிற எடத்துல இக்னிஷன் நம்பர் பெருசா இருக்கும், பயப்படாதீங்க, அங்க காத்து கம்மி, மெதுவா எரியும், அதனால சீக்கிரம் பத்த வைக்கணும். இன்னொண்ணு, ஈசியூல 30னு போட்டா கிராங்க்ல நெஜமாவே 30 வருதான்னு டைமிங் லைட் (பிளக் பத்தறப்ப மின்னற லைட்) அடிச்சி மேக்னெட் மார்க்ல பாத்துக்குங்க. ஆரம்பமே 4 டிகிரி தள்ளி இருந்தா மேப் முழுசும் பொய்.

ஒரு அங்கிள், எல்சி 135 கார்ப்பரேட்டர் வண்டி: எனக்கு மேப் இருக்கா?

பெட்ரோலுக்கு கார்ப்பரேட்டர் உள்ள இருக்கிற ஜெட்டும் ஊசியும்தான் அங்கிள் மேப். நான் சொன்ன மீட்டர் அதுக்கும் வேலை செய்யும்.

தாப்பா தம்பி: கீழ நல்லா ஓடுது, கேமரன் மலை ஏறுனா புகை, இழுவை இல்ல. மேப் கெட்டுப்போச்சா?

கெடல. கேமரன்ல இருக்கிற தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல இருக்கு, காத்து அழுத்தம் சுமார் 15 சதவீதம் கொறஞ்சிடும். உன் ஈசியூ திராட்டிலையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பாத்து ஊத்துதுன்னா மேலயும் கீழ ஊத்தற அளவேதான் ஊத்தும். அழுத்தம் படிக்கிற சென்சார் செட்டிங் இருந்தா ஆன் பண்ணு, இல்லன்னா மலைக்குன்னு தனி மேப் ஒண்ணு வச்சிக்க. மேல நின்னு கொறச்ச மேப்போட அப்படியே கீழ எறங்கி முறுக்கிடாத, லீன் ஆயிடும்.

பேக்டரிக்கு போற தங்கச்சி: அண்ணே, எனக்கு ஸ்பீடு வேணாம், பெட்ரோல் மிச்சம் ஆகணும். ஆர்எஸ் 150 ஸ்டாக்.

ஸ்டாக்னா ஈசியூ மாத்தவே வேணாம்மா, அந்த காச வீட்டுக்கு வச்சிக்க. டயர் காத்து, செயின், ஏர் பில்டர், பிளக், இத பாத்தாலே போதும். அதுக்கப்புறமும் நெறைய குடிச்சா இன்ஜெக்டர கழட்டி கிளீன் பண்ண சொல்லு, அவங்க ஸ்ப்ரே அடிக்கிறத நீயும் நின்னு பாரு, பொகை மாதிரி விரிஞ்சி வரணும், கோடா ஒழுகுனா மாத்திடு.