துயரத்தைச் சொல்லும் இளையோர் நாவல் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

கேள்வி: அண்ணனை இழந்த 16 வயதுப் பெண்ணைப் பற்றி இளையோர் நாவல் எழுதுகிறேன். முதல் வரைவைப் படித்தவர்கள், "பாதிக்கு மேல் கதை நகரவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று தேறிவிடுகிறாள்" என்கிறார்கள். எங்கே சரிசெய்வது?

பதில்:

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் நாயகிக்குத் துயரம் இருக்கிறது, செய்வதற்குக் காரியம் இல்லை. வெறும் துயரத்தை வைத்து 60,000 சொற்களைக் கடத்த முடியாது. தள்ளிப்போட முடியாத, ஆனால் செய்யவும் மனம் வராத ஒரு காரியத்தைக் கெடுவோடு அவளிடம் கொடுங்கள். அண்ணனின் அறையை மாத முடிவுக்குள் தம்பிக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். அவள் மறுத்தால் தம்பி பாதிக்கப்படுவான், ஒப்புக்கொண்டால் அண்ணனின் கடைசி அடையாளம் போய்விடும். எப்படி முடிவெடுத்தாலும் யாருக்காவது வலிக்கிற காரியமாக இருந்தால் நடுப்பகுதி தானாக நகரும்.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துயரத்துக்குச் சொல்லப்படும் ஐந்து நிலைகளைப் பாகத்துக்கு ஒன்றாக வைத்திருந்தால் கலைத்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். பறிகொடுத்தவர்களின் மனம் அப்படி வரிசையாகப் படியேறுவதில்லை. அதோடு, அந்த வரிசை தெரிந்த வாசகருக்கு அடுத்து என்ன வரும் என்பதும் தெரிந்துவிடும்.

கதை எழுதுகிறவருக்கு அதைவிட உதவுவது துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் முன்வைத்த விளக்கம். துக்கப்படுகிறவர் இழப்பை நேர்கொள்வதற்கும் அன்றாட வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவதற்கும் இடையே மாறி மாறி ஊசலாடுகிறார் என்பது அதன் சாரம். பதின்பருவத்தில் இந்த ஊசல் இன்னும் வேகமாக ஆடுவதாகவே எழுதலாம். மதியம் தோழியோடு விழுந்து விழுந்து சிரித்தவள், இரவில் அந்தச் சிரிப்புக்காகவே தன்னை வெறுப்பாள். வரைவை அச்செடுத்து, இழப்பை நேர்கொள்ளும் காட்சிகளுக்குச் சிவப்பும், தேர்வு, நட்பு, வீட்டு வேலை என வாழ்க்கை நடக்கும் காட்சிகளுக்கு நீலமும் தீட்டுங்கள். எங்கே மூன்று சிவப்பு அடுத்தடுத்து வருகிறதோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் சலித்திருப்பார்கள். அங்கே ஒரு நீலக் காட்சியைச் சும்மா செருகினால் போதாது. அடுத்த சிவப்பு அந்த நீலத்திலிருந்து பிறக்க வேண்டும்.

அழுகையை முழு நாவலுக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு காட்சிகளுக்குள் அடக்குங்கள். அதுவும் இறுதிச் சடங்கில் வேண்டாம், அற்பமான ஏதோ ஒன்றில் உடையட்டும். மற்ற இடங்களில் துயரம் உடம்பில் தெரியட்டும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, பகலெல்லாம் தூங்குவது, ஆறுதல் சொல்ல வருகிறவர் மேல் எரிந்து விழுவது.

உடன்பிறப்பை இழந்தவர்களின் துயரத்தில் தனியாக ஒரு கசப்பு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் "அம்மா எப்படி இருக்காங்க? நீதாம்மா பார்த்துக்கணும்" என்பார்கள், அவளை யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று வயது. அண்ணன் 17 வயதில் இறந்திருந்தால், ஒரு நாள் அவள் அவனைவிட மூத்தவளாகிவிடுவாள். அந்தத் தேதியைக் கணக்கிட்டு நாவலின் உச்சத்தை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். நினைவு நாளைவிட இது கூர்மையானது, ஏனென்றால் அவளைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

இறந்தவனைத் தெய்வமாக்க வேண்டாம். தீராத ஒரு சண்டையோ, அவன் சொன்ன ஒரு பொய்யோ இருக்கட்டும். பின்னோக்கும் காட்சிகள் ஐந்தாறு போதும், ஒவ்வொன்றும் 800 சொற்களுக்குள். ஒவ்வொன்றும் அவனைப் பற்றி நாம் நினைத்திருந்ததை மாற்ற வேண்டும். மாற்றாததை வெட்டிவிடலாம்.

அவள் மனதில் குற்ற உணர்ச்சி மறைந்திருந்தால் அது வெளிப்படும் இடம் முக்கால் பகுதி. அவளே "நான்" என்று சொல்லும் தன்மையில் எழுதுகிறீர்கள் என்றால் ஒரு சிக்கல் வரும். இருநூறு பக்கம் எல்லாவற்றையும் யோசிக்கிறவள் இதை மட்டும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்றால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அவள் அதைத் தவிர்ப்பதைக் காட்டுங்கள். குற்ற உணர்ச்சிக்குக் காரணமான அந்தச் சம்பவத்தைத் தொட்டதும் பேச்சை மாற்றட்டும், வாக்கியத்தைப் பாதியில் விடட்டும்.

முடிவில் அவள் அண்ணனை மறக்கத் தேவையில்லை. இறந்தவரோடான உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்று துக்க ஆய்வாளர்கள் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் 1996-இல் விரிவாகவே வாதிட்டிருக்கிறார்கள். எதைக் கொடுத்துவிடுகிறாள், எதை வைத்துக்கொள்கிறாள் என்று இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வைப் பெரியவர் யாரும் அறிவுரை சொல்லாமல் அவளே செய்யும்படி எழுதுங்கள். காதல் கதை இருந்தால் அந்தப் பையனை மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். அப்போதும் அவள் தேறுகிறாளா? இல்லையென்றால் திருத்த வேண்டியது அங்கேதான்.

அண்ணனின் சாவு தற்கொலை என்றால் முறை, இடம், கடிதத்தின் வாசகம் எதையும் எழுதாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அதை அடைக்கவும் வேண்டாம். வாசகர்களின் வயதை நினைத்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தொடக்கத்தைச் சாவிலிருந்து ஆரம்பித்திருந்தால் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். உறவினர்கள் ஊர் திரும்பி, மற்றவர்கள் எல்லாரும் பழைய வேலைக்குப் போய்விட்ட அந்த வாரம்தான் சரியான இடம்.

திருத்திய வரைவை 14 முதல் 17 வயதுக்குள் நான்கைந்து பேரிடம் கொடுங்கள். அண்மையில் யாரையாவது இழந்தவர் என்றால் கதை எதைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த வரி ஒரு பெரியவர் பேசுவதுபோல் இருந்தது என்று கேளுங்கள்.