வேப் கருவியிலுள்ள உலோகம் உடம்புக்குள் போகுமா?

“19 வயது மகன் வேப் பிடிக்கிறான், அதன் புகையில் உலோகம் இருக்கிறதாம், விலை கூடிய பிளேவர் வாங்கிக் கொடுத்தால் தப்பிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேப் என்பது திரவத்தை மின்கம்பியால் சூடாக்கி, அந்த ஆவியை இழுக்கும் மின்சிகரெட். அதில் உலோகம் இருப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் கருவியிலிருந்தே வருவதால், விலை கூடிய பிளேவர் திரவம் உங்கள் மகனைக் காப்பாற்றாது.

நான் மருத்துவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் பட்டறையில் பல ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்தவன். என் அக்காள் மகன் தூக்கிப் போட்ட வேப் ஒன்றைப் பட்டறை மேசையில் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பஞ்சுத் திரியும் அதைத் தொட்டுக்கொண்டு கறுத்துப்போன ஒரு சுருள் கம்பியும் இருந்தன. இத்தகைய கம்பிகள் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமாகவோ, இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தாலாகவோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கும். பற்றவைத்த இணைப்புகளில் வெள்ளீயமும், சிலவற்றில் ஈயமும் உண்டு. திரவத்தில் ஊறிக் கிடக்கும் இந்தக் கம்பி, ஒவ்வோர் இழுப்புக்கும் சூடேறி ஆறி மறுபடியும் சூடேறும்போது அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, கரைந்த உலோகம் ஆவியோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகிறது.

இதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. வேப் பிடிக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளை அவர்கள் சோதித்தபோது, புட்டியிலிருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை, கம்பியைத் தொட்டுவந்த ஆவியில் பன்மடங்கு கூடியிருந்தன. ஏறத்தாழப் பாதி ஆவி மாதிரிகளில் ஈயம் உடல்நல வரம்பைத் தாண்டியிருந்தது. பையன்கள் அதிகம் விரும்பும், பிடித்துவிட்டு எறியும் ரகம் இன்னும் மோசம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2025இல் அத்தகைய சில கருவிகளைச் சோதித்ததில், உள்ளே ஈயம் கலந்த வெண்கலப் பாகங்கள் இருந்ததும், அவற்றிலிருந்து ஈயமும் நிக்கலும் திரவத்தில் கசிந்ததும் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, ஒரு நாள் பயன்பாட்டில் வெளியிட்ட ஈயம், ஏறக்குறைய 20 பாக்கெட் சிகரெட்டிலிருந்து வருவதைவிட அதிகம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டிங் செய்யும்போது நிக்கல், குரோமியப் புகைக்கு அஞ்சி முகக்கவசம் இல்லாமல் எங்களை வேலைக்கு விடமாட்டார்கள். ஓய்வு நேரத்தில் அதே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேப் இழுக்கும் இளைஞர்களை என்ன சொல்வது? நிக்கல் சேர்மங்களையும் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வேப் ஆவியிலுள்ள குரோமியம் எல்லாம் அந்த வகைதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈயத்தைப் பொறுத்தவரை, இவ்வளவு இரத்தத்தில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை. அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். உங்கள் வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால், வீட்டுக்குள் பிடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மலேசியாவில் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம், அதாவது புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், வேப்பையும் சிகரெட்டையும் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த வேலியும் இல்லை. விட வைப்பதுதான் வழி. அரசாங்க கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. அங்கே வேப் பிடிப்பவன் என்று மறைக்காமல் சொல்லலாம். அதுவரை, திரி காய்ந்து கருகல் வாடை வரும் கருவியைத் தொடவே கூடாது, ஏனெனில் அப்போது கம்பியின் சூடு கட்டுமீறி ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கலாம்; ஆனால் அந்தச் சோதனை அண்மைய வாரங்களின் கணக்கையே பெரும்பாலும் காட்டும், எலும்பில் ஏற்கெனவே படிந்துவிட்ட ஈயத்தைக் காட்டாது.