பி.இ. படித்தால்தான் கிராஜுவேட்டா?

"மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம் கேட்கிறார்கள். பி.இ. முடித்தால்தான் கிராஜுவேட் என்கிறார் மைத்துனர். நிலத்தை அடமானம் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தகப்பனார். பையன் பிளஸ் டூ கணிதத்தில் 74. கிரிக்கெட் ஸ்கோரை நோட்டில் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு ஆட்டக்காரரின் சராசரியையும் தானே கணக்குப் போடுகிறானாம்.

உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் நிலத்தில் கை வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தாலே கிராஜுவேஷன். இங்கே யுகேஜி பிள்ளைக்கும் அங்கி மாட்டி கிராஜுவேஷன் டே கொண்டாடுகிறோம். வேலை அறிவிப்பில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டம். மூன்று வருட பி.ஏ.வும் அதுதான், பி.எஸ்சி.யும் அதுதான். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அது போதும். நான்கு வருடம் படித்துவிட்டு அரியரோடு நிற்பவர்தான் கிராஜுவேட் இல்லை. விருப்பமில்லாத படிப்பில் பணம் கட்டிச் சேர்த்தால் நடப்பது பெரும்பாலும் இதுவே.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. புள்ளியியல் (ஸ்டாட்டிஸ்டிக்ஸ்). அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்றவை சேர்த்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி என்றொரு பணி இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 35,400. அதற்கெனத் தனித்தாள்: 100 கேள்வி, 200 மதிப்பெண், முழுக்கப் புள்ளியியல். மற்றவர்கள் அதைப் புதிதாகப் படிக்க வேண்டும். இவனுக்கு அது மூன்று வருடம் படித்த பாடம். அடுத்தது யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி. குரூப் ஏ, தொடக்கம் 56,100, பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 30. கூடவே நடக்கும் இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். புள்ளியியல் பணிக்கு, புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளநிலையே போதும். உறவினர்கள் யாரும் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்றில் கவனம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவன் என்றால், பட்டமும் தமிழ்வழியில் இருந்தால்தான் பட்டதாரிகளுக்கான மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை கிடைக்கும். தமிழ்வழிப் பிரிவு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள்.

இந்த வாரமே பக்கத்து அரசுக் கல்லூரிக்குப் போய் புள்ளியியல் பாடத்திட்டத்தை வாங்கி, அந்த ஸ்கோர் நோட்டின் மேல் வையுங்கள். படித்துப் பார்த்து அவன் சொல்லட்டும், மைத்துனர் அல்ல.