எரங்கலா, எக்ஸாமா?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் போய் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ராத்திரி போனில் பி.ஜி.எம்.ஐ. (துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஆடாமல் தூக்கமே வருவதில்லை. செமஸ்டர் நெருங்குகிறது. அடியோடு விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் தம்பி, ஆடும் நேரத்தை மாற்றுங்கள். எரங்கல் என்ற பெரிய மேப்பில் 100 பேரோடு விமானத்திலிருந்து குதித்து, சுருங்கிக்கொண்டே வரும் கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச்சுக்கே அரை மணி நேரம் போய்விடும், நடுவில் எழுந்தால் கூட ஆடும் மூன்று பேரும் திட்டுவார்கள், அதனால்தான் பதினொன்றுக்கு 'ஒண்ணே ஒண்ணு' என்று ஆரம்பிப்பது ஒரு மணி வரை இழுக்கிறது (எனக்கும் இந்தக் கதை தெரியும்). அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் வீடு திரும்பி காபி குடித்ததும் ஒரு டீம் டெத்மேட்ச் (அதே விளையாட்டில் இரண்டு அணிகள் மோதும் சின்ன ஆட்டம்) போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 18 வயதுக்குக் கீழே 3 மணி நேரம், மேலே 6 மணி நேரம் என்று அந்த விளையாட்டே தினசரி வரம்பு வைத்திருக்கிறது. அந்த ஆறையும் ஆடித் தீர்க்கணும் என்று நினைத்துவிடாதீர்கள்! அப்புறம், ஹால் டிக்கெட் வந்த நாளிலிருந்து போனை அடுப்படியில் சார்ஜ் போடுங்கள். நடுராத்திரியில் எடுக்கப் போனால் பாத்திரம் உருண்டு அம்மா எழுந்துவிடுவார்.