மணப்பாடு குகைக்குள்ள நல்ல தண்ணி எப்படி?

கேள்வி: போன மாசம் திருச்செந்தூர் போயிட்டு அப்படியே மணப்பாடும் பார்த்தோம். குன்றுக்குக் கீழ கடலைப் பார்த்த மாதிரி இருக்கற குகையில புனித பிரான்சிஸ் சவேரியார் தங்குனாரு, அவராலதான் உள்ள கிணத்துல நல்ல தண்ணி ஊறுதுன்னு சொன்னாங்க. திருச்செந்தூர் கோயில் பக்கத்துல இருக்கற நாழிக்கிணறுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதானே, எதை நம்புறது? – வாசகி, மதுரை

பதில்: சகோதரி, ரெண்டு ஊருக்கும் நடுவுல 18 கிலோமீட்டர் போலதான், ரெண்டும் அலை அடிக்கற மணற்பாறைக் கரை, அதனால கதையும் ஒரே சாயல்ல வந்துருக்குன்னு எனக்குத் தோணுது. சூரசம்ஹாரம் முடிஞ்சு தாகத்துல தவிச்ச படைக்கு முருகன் வேலைக் குத்தித் தண்ணி வரவச்சாருங்கறது நாழிக்கிணறு கதை, பக்கத்துலயே வள்ளி ஒளிஞ்சிருந்த குகையும் இருக்கு.

சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல. பரதவ மக்கள் அதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க ஆனா ஜெபம் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, இவர்தான் ஜெபங்களை தமிழ்ல மாத்தி வாங்கி, கையில மணி அடிச்சுக்கிட்டே தெருத்தெருவா போயி பிள்ளைங்கள கூப்பிட்டுச் சொல்லிக்குடுத்தாரு. அவர் தங்கி தவம் பண்ணது அந்தக் குகையிலதான்னு ஊர் சொல்லுது. எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவருக்கும் முன்னாடி ஒரு சைவ முனிவர் அங்க இருந்தாருங்கற கதைதான், அதை அந்த ஊர்க்காரங்களே மறைக்காம சொல்றாங்க பாருங்க!

தண்ணி விஷயம் இதுதான். மழைத்தண்ணி மணல்லயும் மணற்பாறையிலயும் இறங்கி அடியில தேங்குது, நல்ல தண்ணி உப்புத்தண்ணிய விட லேசு, அதனால கலந்துடாம அதுக்கு மேல மிதந்த மாதிரி நிக்குது, அந்த மட்டத்துல தோண்டுனா கடல் பக்கத்துலயே இருந்தாலும் நல்ல தண்ணிதான் வரும். இதைச் சொல்றதால கதை பொய்னு ஆகாது, எங்க தண்ணி கிடைக்கும்னு கண்டுபிடிச்ச இடத்தை மறக்காம இருக்கத்தான் சாமி பேரும் புனிதர் பேரும் வச்சிருக்காங்கன்னு நான் நம்புறேன். ஆனா சுத்தி போர் போட்டு ரொம்ப உறிஞ்சிட்டா உப்புத்தண்ணி மேல ஏறிடும், அப்புறம் இறங்கறது கஷ்டம், அந்தக் கவலை எனக்கு இருக்கு. அடுத்த தடவை போனா அந்தப் பாறையில பிள்ளைங்க பேர் கிறுக்காம பார்த்துக்கோங்க, மணற்பாறை ரொம்ப மெத்து, ஆணி பட்டாலே உதிருது.